அதே மேடையில் ஒரு வார்த்தை

உன் கூஜாவை உன் மகன் நேற்று கொண்டுவந்து கொடுத்தான். மூடியைத் திருகினேன். அதிமதுர வாசனை இன்னும் போகவில்லை. பட்டிமன்ற மேடைகளில் தொண்டைக்கு இதமாக நீ குடித்த வெந்நீரின் வாசனை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எழுபதுகளில் ஒரு தீபத் திருவிழா. கூட்டத்தில் வழி தவறிய கிழவி ஒருத்தி ராஜகோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தன் பெயரே மறந்துபோனவள். காலையிலிருந்து தெருத்தெருவாகத் தேடிய அவள் மருமகள் சரோஜா, தலை அவிழ்ந்து, வெறுங்காலுடன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நம் தெருவில் ரவிக்கை தைப்பவள்தான். சிநேகிதிகள் நாம் இருவரும் பக்கத்தில் நின்றோம். இந்தக் கூஜாவிலிருந்து சரோஜாவுக்குத் தண்ணீர் கொடுத்தது நீ.

அடுத்த மாதம் தேரடியில் பட்டிமன்றம். முதியவர்களைக் காப்பது மகளா, மருமகளா? உனக்கு மகள் கட்சி கிடைத்தது.

"இதே ஊர்ல, இதே கோபுரத்துக்குக் கீழ, மாமியாரை உட்கார வச்சுட்டு நழுவிட்டா ஒரு தையக்கார மருமக. என் கண்ணால பார்த்தேன்!" என்றாய்.

கைதட்டல் அடங்கவே இல்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சரோஜாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பேரு சொன்னேனாடி நானு? மேடைன்னா உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்கும்" என்று சிரித்தாய்.

"அது உப்பு இல்லடி, பொய்."

"போடி. உள்ளதை உள்ளபடி நீ போயி பேசு. முதல் வரிசையே தூங்கிடும்."

சரோஜாவுக்குத் தைக்கத் துணி வருவது நின்றது. என்னிடம்தான் வந்தாள். "அக்கா, நான் விட்டுட்டுப் போகலைன்னு என் பேரைச் சொல்லியே சொல்லட்டும். அதே மேடையில ஒரு வார்த்தை. அது போதுங்க." உன்னிடம் சொன்னேன். "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றாய். அடுத்த வருடமும் அதே கதையைத்தான் சொன்னாய். சொல்லச் சொல்ல மருமகள் இன்னும் கொடியவளானாள். சரோஜா குடும்பத்தோடு போளூருக்குப் போய்விட்டாள்.

போன வாரம் அதே தேரடியில் உனக்கு இரங்கல் கூட்டம். ஒருவர், கடைசி நிமிடத்தில் நீ தன் கையைப் பிடித்து, "தமிழைப் பார்த்துக்கப்பா" என்று சொன்னதாகப் பேசினார். கூட்டம் மூக்கை உறிஞ்சியது. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் நீ ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. உன் பாணியில், உன்னைப் பற்றியே பொய் சொன்னார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்து என்னை அழைத்தார்கள். மேடை எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். கோபுரத்தடியில் நடந்ததைச் சொன்னேன். சரோஜா என்ற பெயரைச் சொன்னேன். நீ சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

கூட்டம் நடத்தியவர் பின்னாலிருந்து, "அம்மா, இன்னைக்குப் போயி இதெல்லாம் எதுக்குங்க..." என்று முணுமுணுத்தார்.

"இன்னைக்குத்தானேங்க மைக்கு கெடச்சுது" என்றேன்.

நீ தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன். அதுவும் நடந்ததுதானே. அந்த இடத்தில்தான் கூட்டம் அழுதது. முதல் வரிசை தூங்கவில்லையடி. இதையே நீ அன்று சொல்லியிருக்கலாம். உன் குரலுக்கு ஊரே அழுதிருக்கும்.

நாளை போளூருக்குப் பஸ் ஏறுகிறேன், அதே மேடையில் சொல்லியாயிற்று என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டு வர. வழியில் குடிக்க உன் கூஜாவில்தான் தண்ணீர். கோபம் தீரவில்லை, அதுவும் கூடவே வருகிறது.