பெரிய பாத்திரத்தில் இருப்பது சூப் இல்லை

கண்டக்டர் ஐயாவுக்கு,

மூன்று நாளாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் எழுதி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் இருப்பது சூப். பெரியதில் இருப்பது இஞ்சி, புதினா, மஞ்சள், கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்த கால்வலித் தண்ணீர். மதியம் உங்கள் அக்கா வருகிறார். அவருக்கு மாற்றி ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அந்தத் தண்ணீரில் காலை வைத்தபோது, "இந்த இலைத் தண்ணிக்கெல்லாம் வலி போயிடுமா? பேசாம போய்ப் படு"ன்னு சிரித்தீர்களே, சண்டையே அங்கேதான் ஆரம்பித்தது. இன்று காலையில் பார்த்தால், குளியலறையிலிருந்து உங்கள் கட்டில் வரைக்கும் மஞ்சள் மஞ்சளாகக் காலடித் தடம். இந்த வீட்டில் இருப்பது நாம் இரண்டு பேர்; அவ்வளவு பெரிய பாதம் எனக்கு இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வருவதற்குள் தரையை மட்டும் துடைத்துவிடுங்கள்.

பி.கு.: திருட்டுத்தனமாக ஆறின தண்ணீரில் காலை வைத்தால் ஒரு பலனும் இருக்காது. சாயங்காலம் வந்து நானே சுடவைக்கிறேன்.

இன்னொன்று: பெரிய வாளியாக எடுத்து வையுங்கள். நாலு கால் வைக்கணும்.