பிரசவத்துக்குப் பின் வந்த தலைவலி

என் பிரியமுள்ள சுகந்தி அக்காவுக்கு,

உன் கதையை என் மாணவிகளிடம் கொடுத்துவிட்டேன். பெயரை மட்டும் மாற்றினேன்.

நீ போனபோது நான் பிளஸ் டூ. இப்போது வேலூரில் நர்சிங் ஆசிரியை. என் வகுப்பில் பாடத்தை முதலில் நடத்துவதில்லை. ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்வேன். என்னவென்று மாணவிகளே பேசி, தேடி, கண்டுபிடிக்க வேண்டும்.

"ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிற பெண். குழந்தை பிறந்து சில நாள்தான். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்கிறாள். என்ன செய்வீர்கள்?"

"தூக்கம் கம்மி மேம், அதான்," என்றாள் ஒருத்தி. நம் வீட்டிலும் அதைச் சொல்லித்தானே உனக்குத் தைலம் தேய்த்தார்கள்? விடை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாமல் நூலகத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் வாணியம்பாடி ஷபானா எழுந்தாள். "கொழந்த பொறந்த அப்புறமும் பிரஷர் ஏறுமாம் மேம். ஃபிட்ஸ் வந்து உயிரே போய்டுமாம். அவங்களுக்கு யாரும் பிரஷர் பாக்கலயா?"

"பாக்கல."

"ஏன் மேம்?"

இத்தனை வருடத்தில் நம் வீட்டில் யாருமே அதைக் கேட்டதில்லை, அக்கா.

பிரின்சிபால் கூப்பிட்டார். "மேடம் ஒண்ணுமே நடத்த மாட்றாங்கன்னு பெத்தவங்க வந்து பேஜார் பண்றாங்க, கிரேஸ். பேசாம நோட்ஸ் குடுத்துடுங்க."

"நோட்ஸும் தர்றேன் மேடம். ஆனா இத வுட மாட்டேன்," என்றேன்.

போன மாதம் நானும் மாணவிகளும் பயிற்சிக்காக ஆலங்காயம் பக்கம் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். ஷபானா பிரஷர் பார்த்தாள். மிக அதிகம்.

"பச்ச ஒடம்பு, வெயில்ல எங்கம்மா கூட்டிம்போறது? சாயந்தரம் பாத்துக்கலாம்," என்றாள் மாமியார்.

"சாயந்தரம் வரிக்கும் தாங்காதுமா. இப்பவே போவணும்," என்றாள் ஷபானா.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஷபானா அந்தப் பெண்ணின் பக்கத்தை விட்டு எழவில்லை. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். போன வாரம் பார்த்தேன், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கும் அப்படி ஒருத்தி வந்திருந்தால்?

அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பிரின்சிபாலிடம் போய், அடுத்த வருடமும் இப்படியே பாடம் நடத்த அனுமதி வாங்கிவிட்டேன்.

புதிய மாணவிகள் திங்கட்கிழமை வருகிறார்கள். உன் கதைதான் அவர்களுக்கு முதல் வகுப்பு. என்னிடம் படித்த எந்தப் பெண்ணும், தலை வலிக்கிறது என்று சொல்லும் தாய்க்குப் பிரஷர் பார்க்காமல் திரும்ப மாட்டாள். இது என் வாக்கு, அக்கா.

உன் தங்கை, உன் மகனை வளர்க்கும் சித்தி,
கிரேஸ்