கடைசித் துண்டு ஊறட்டும்

பிப்ரவரி 9, ஞாயிறு

முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவளுக்கு முட்டை உடைக்க வராது என்பது இன்று ஊர்ஜிதமாகிவிட்டது. ஓடு பாதி கிண்ணத்துக்குள். சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, நீ நிஜமாவே முட்டைக் கடைதானா?" என்றான். வயது ஐந்து. வாய்க்கு ஐம்பது.

தம்பி மனைவி இறந்த மறுவாரம் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஞாயிறு காலை என்றால் இங்கே பிரெஞ்ச் டோஸ்ட்தானாம். பெரியவள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. முள்கரண்டியால் அடிப்பது சின்னவன் வேலை. ரொட்டியை நனைப்பது அவள் வேலை. அடுப்பு என் பக்கம்.

"வெண்ணெய் சத்தம் போடுறது அடங்கட்டும் அத்தை. அப்புறம் போடுங்க."

ஒன்பது வயதுப் பெண்ணின் குரல் இல்லை அது. அப்படியே அவள் அம்மா. சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பார்த்து என்ன? அவள்தான் நின்றிருந்தாள், சின்னப் பெண்.

எல்லோரும் தின்ற பிறகு ஒரு துண்டு கிண்ணத்திலேயே ஊறிக்கொண்டிருந்தது. பொருள் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உடம்பு இல்லை இது. எடுத்து வாணலியில் போட்டேன். சின்னவன் அலறினான். "அதைப் போடாத! அதைப் போடாத!" மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். பெரியவள் அடுப்பை மட்டும் அணைத்தாள்.

ஒரு துண்டு ரொட்டிக்கா இவ்வளவு?

பிப்ரவரி 10, திங்கள்

சின்னவன் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அக்காவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்கிறாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கீறல் விழுந்த முட்டைகளை எடுத்துப்போக பேக்கரிக்காரர் வந்தார். டோஸ்ட் கதையைச் சொன்னேன். "நேத்து ரொட்டியா எடும்மா. புது ரொட்டி பாலைக் கண்டதும் கூழாயிடும். கொஞ்சம் காஞ்சதுதான் தாங்கும்" என்றார். அவர் ரொட்டியைத்தான் சொன்னார். எனக்கு வேறு எங்கெங்கோ போயிற்று புத்தி.

முட்டையை விளக்கு முன்னால் பிடித்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். இந்த வியாபாரத்தில் என்னை ஏமாற்றியவன் எவனும் இல்லை. பிள்ளைகளை எந்த விளக்கின் முன் பிடித்துப் பார்ப்பது?

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று அந்தத் துண்டை நான் தொடவில்லை. கிண்ணத்திலேயே கிடந்தது. மதியத்துக்குள் ஓரமெல்லாம் கரைந்து உருத் தெரியாமல் போயிற்று. சின்னவன் தூங்கிய பிறகு பெரியவள் எடுத்துக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். தினமும் செய்கிற வேலைபோல.

டோஸ்ட் வேகும்போது வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பின. நான் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

"காத்து" என்றாள் பெரியவள்.

வெளியே ஓர் இலை அசையவில்லை.

தம்பி இன்றும் வீட்டில் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிறு தவறாமல் அவசர அழைப்பு வருகிறது. இந்த நகரத்து லிஃப்டுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் நின்றுபோகும்போல. மாலை வந்தவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். சமையலறை வாசலை மட்டும் தாண்ட மாட்டான். தட்டைக்கூட என் கையில்தான் கொடுப்பான்.

"அடுத்த பருவத்துலேருந்து ரெண்டு பேரையும் விடுதிப் பள்ளியில போடறேன் அக்கா. பேசிட்டேன்."

"பிள்ளைங்ககிட்ட பேசினியா?"

"இந்த வீட்டுலயே இருந்தா இதுலயேதான் கிடப்பாங்க."

"யாரு, அவங்களா? நீயா?"

கை கழுவாமலே வெளியே போய்விட்டான். ஏப்ரலில் பருவம் தொடங்குகிறது. அதற்குள் என்ன செய்ய முடியும் என்னால்? பிறந்ததிலிருந்து பிடிவாதக்காரன். நானும்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று தெரிந்துவிட்டது. எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பாத்திரம் துலக்கும்போது பெரியவளிடம் கேட்டேன். "அந்தத் துண்டு யாருக்கும்மா?" தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பின்னாலிருந்து சின்னவன் சொன்னான். இத்தனை நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"அம்மா ஊறட்டும்னு சொன்னாங்க."

அவர்கள் அம்மா போன அன்றைக்கும் ஞாயிறு. எல்லோரும் தின்றாகிவிட்டது. கடைசித் துண்டைக் கிண்ணத்தில் போட்டபோது பால் போதவில்லை. அவள் அடுப்பை அணைத்திருக்கிறாள். "இது ஊறட்டும், பால் வாங்கிட்டு வந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். தெருத் திருப்பத்தில் அந்த வேன் அடித்துவிட்டது. பிள்ளைகள் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே இருந்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்டோமே தவிர, அந்தக் காலையைப் பற்றி இந்தப் பிள்ளைகளிடம் ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"போட்டுத் தின்னுட்டா முடிஞ்சிடுமில்ல? அப்புறம் அம்மா எதுக்கு வருவாங்க?" என்றான் சின்னவன், எனக்குக் கணக்குத் தெரியாததுபோல.

அவன் விளையாடப் போனதும் பெரியவள் சொன்னாள். "வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்துக்கொண்டு, "அன்னைக்கு இன்னொண்ணு வேணும்னு கேட்டது நான்தான்."

சந்தையில் எந்தக் கொம்பனுக்கும் பதில் சொல்கிற வாய் இது.  கடைசியில் வந்ததெல்லாம் இவ்வளவுதான்: "பிள்ளைன்னா கேட்கும்டி. கேட்கலைன்னா உங்கம்மா காய்ச்சல்னு நினைச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடியிருப்பா."

சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. சோப்பு நுரைக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் நுரை.

பிப்ரவரி 26, புதன்

தம்பியிடம் முழுவதும் சொன்னேன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "கிண்ணமா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றான். நீ கேட்டால்தானேடா.

பிறகு பழையபடி, "அதனாலதான் சொல்றேன், விடுதிதான் நல்லது."

எனக்கு வந்தது பாரு கோபம். "சரி. அம்மா பாலுக்குப் போனா. அப்பன் லிஃப்டுக்குப் போறான். பிள்ளைங்களையும் அனுப்பிடு. வீட்டுச் சாவியை என்கிட்ட கொடு, முட்டை குடோனா வச்சுக்கறேன்!"

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அதிகமாகப் பேசிவிட்டேனா? பேசியாகிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

இந்த வீட்டில் பயம் இரவில் இல்லை, பகலில்தான்.

பிள்ளைகள் பள்ளியில். சந்தை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கிற வாசனை, இப்போதுதான் யாரோ செய்து இறக்கியதுபோல. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டிலா? அங்கே பூட்டு.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் சமையலறை வாசலில் நின்று, "பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பிக்கு இன்று அழைப்பு இல்லை. கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை. தூங்குகிறவன் முதுகு அப்படி இருக்காது.

உள்ளே நாங்கள் மூவரும். சின்னவன் மல்லுக்கட்டி முட்டையை அடித்தான். முழங்கை பட்டுப் பால் பாத்திரம் கவிழ்ந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பால் மேசையில் ஓடி, விளிம்பில் நின்று, தரையில் சொட்டியது. யாரும் துணியை எடுக்கவில்லை.

"கடை பக்கத்துலதானே, நான் போய்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் இரண்டு பேரும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாம் அத்தை. பால் இல்லாமலே செய்யலாம். தண்ணி ஊத்தலாம்" என்றாள் பெரியவள். உதடு வெளுத்திருந்தது.

"நான் போறேன்."

தம்பி. சமையலறை வாசலுக்குள் ஒரு கால் வைத்து நின்றிருந்தான்.

சின்னவன் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தான். மனப்பாடம் செய்வதுபோல் பார்த்தான்.

தம்பி போனான். பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். சின்னவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் கிண்ணம். ஐயோ, இப்படித்தானே அன்றைக்கும் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று தோன்றியது. திருப்பத்துக் கடைக்குப் போய்வர இவ்வளவு நேரமா? அப்படியே வேலைக்குப் போய்விட்டானா? இல்லை... அதை எழுத மாட்டேன்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இந்த முறை யாரும் திரும்பவில்லை. எத்தனை முறை ஏமாறுவது? பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். அதன் பிறகுதான் பெரியவள் எழுந்தாள்.

சட்டையெல்லாம் வேர்வை. கையில் பால். "அந்த இடத்தைத் தாண்ட முடியல அக்கா. சுத்திக்கிட்டு, அடுத்த தெருக் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றான். சொல்லும்போதே சுவரோடு சரிந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான், சிந்திய பாலின் மேலேயே.

சின்னவன் அவன் கையிலிருந்து பாலை வாங்கினான். "நீ ரொம்ப லேட்டுப்பா" என்றான். ரொம்பக் கண்டிப்பாக.

டோஸ்ட் செய்தோம். தம்பி திருப்பிய முதல் துண்டு கருகிவிட்டது. அதையே அவன் தின்றான். கடைசித் துண்டு கிண்ணத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

விடுதிப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளறினால் கூடிவருகிற பேரமும் கெடும்.

மார்ச் 23, ஞாயிறு

நான் தாமதமாக எழுந்தேன். மூவரும் எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். சின்னவன் தன் அப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா வர மாட்டாங்களா?"

 தம்பி அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னான். "மாட்டாங்கடா."

"பால் வாங்கினாலுமா?"

"வாங்கினாலும்."

நான் உள்ளே போகவில்லை. கூடத்திலேயே நின்றேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. எனக்கு மட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளி திறந்தது. அதே பழைய பள்ளி. பெரியவள் முன்னால் நடந்தாள். சின்னவன் வாசல் வரை போய்த் திரும்பி ஓடி வந்து, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதில் சொல்வதாக நினைத்துத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"நான் சாயங்காலம் வந்துடுவேன்பா. நீ பயப்படாத."

தம்பி இன்று வேலைக்குப் போகவில்லை.