பேனரில் விடுபட்ட மாமன்

ஆகஸ்ட் 18, திங்கள்

கடைப் போனில் இடமில்லை என்று மறுபடியும் சிவப்பு எழுத்து. ஆவணி பிறந்தால் இப்படித்தான். ஒரு காதுகுத்து பேனருக்கு முப்பது முகம் அனுப்புவார்கள், அதையே மூன்று தடவை அனுப்புவார்கள். இந்தப் போன் ஒன்பது வருஷமாக என் கையில்தான் இருக்கிறது. கடை செல்வக்குமார் அண்ணனுடையது என்றாலும், பரவையில் ஃப்ளெக்ஸ் அடிக்க வருகிறவர்கள் "முனீஸ்வரி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

காலையில் ஒருவர் வந்து சண்டை பிடித்தார். பேனரில் சித்தப்பா முகம் பெரியப்பா முகத்தைவிட அரை இஞ்ச் பெரிசாம். பெரியப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாராம். அரை இஞ்சுக்கா ஒரு மனுஷன் சோற்றை விட்டுவிட்டுப் போவான்? அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன்.

மத்தியானம் புதுசாகச் சேர்ந்த டிசைன் பிள்ளை ஐரின் கையை நீட்டினாள். "அக்கா, போனைக் குடுங்க. இதுலயே ஃபைல் மேனேஜர் இருக்கு. புதுசா எதுவும் இறக்க வேணாம்." ரெட்டைப் படங்களை அழித்தாள், மீதியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். பத்தே நிமிஷம்.

"பாத்தியா முனீஸ்வரி, எம்புட்டுச் சுளுவா முடிச்சுருச்சு பிள்ளை" என்றார் அண்ணன். அவள் வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 19

வயிறு எரிகிறது. வேறு என்ன எழுத?

ஆகஸ்ட் 21, வியாழன்

வண்டியூரில் தெப்பக்குளத்துப் பக்கம் அண்ணன் இன்னொரு கடை பிடித்திருக்கிறார். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். "ஆவணி முடியறதுக்குள்ள யாருன்னு சொல்றேன்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை ஐரின் பக்கம் போனது. போனதா? இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா?

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஒன்பது வருஷம் மெஷின் ஓரத்தில் மை வாடையில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுப் பசுமலையிலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு அது போனால் நான் சும்மா இருப்பேனா?

ஆகஸ்ட் 23, சனி

டிசைனர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு லிங்க் போட்டிருந்தார்கள். புது ஃபைல் மேனேஜர். தினமும் அதுவே குப்பையை அள்ளிவிடுமாம், நாம் எதையும் தொட வேண்டாமாம். ஐரினுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியட்டும் என்று இறக்கினேன்.

எட்டிப் பார்த்துவிட்டாள். "அக்கா, லிங்க்ல வர்றது வேணாம்க்கா. இது பிளே ஸ்டோர்லயே இல்ல. யாரு செஞ்சதுன்னு பேரும் இல்ல. படத்தை அடுக்குற ஆப்புக்கு நம்ம மெசேஜும் காண்டாக்டும் எதுக்குக்கா?"

"எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியாக்கும்? நீ ஸ்கூல் பை தூக்கிக்கிட்டுத் திரியிறப்பவே நான் டிசைன் போட்டுக்கிட்டு இருந்தவ."

அவள் முகம் சுருங்கிப்போனது. போன்கூட எச்சரித்தது, இந்த ஆப் உங்கள் சாதனத்துக்கு ஆபத்தாகலாம் என்று. எதையோ கேட்டுக் கேட்டு ஐந்து தடவை வந்தது, ஐந்து தடவையும் 'அனுமதி' தட்டினேன். ஒரே நிமிஷத்தில் பாதிப் போன் காலி. அண்ணனிடம் காட்டினேன். "அட, பரவால்லையே" என்றார்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 25

போனைத் திறந்தால் விளம்பரம், மூடினால் விளம்பரம். ஐரின் கண்ணில் படாமல் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து விருமாண்டி என்றொருவர். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. பெயர்களை நோட்டுத் தாளில் எழுதித் தந்துவிட்டு, படங்களை இரண்டு மூன்று நாளாக ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். போனிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன், ஐரின் டிசைன் போட்டாள்.

"அக்கா, லிஸ்ட்ல இருபத்தேழு பேர் இருக்கு. படம் இருபத்தாறுதான் வந்திருக்கு."

திரும்பவும் போனைத் துழாவினால் அந்த விளம்பரத்தை எல்லாம் பார்த்துவிடுவாள். "ஒரே ஆளை ரெண்டு தடவை எழுதியிருப்பாக. வந்தது அம்புட்டுத்தான். அடி" என்றேன்.

மாதிரியை அனுப்பினோம். விருமாண்டி அண்ணன் கிடாய் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார் போல, கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டு அனுப்பினார். போன் திரையில் இருபத்தாறு முகம் மிளகு மாதிரித்தானே தெரியும்.

செப்டம்பர் 1, திங்கள்

விருமாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் கடைசி மச்சினன் திருப்பூர்ல இருந்து பஸ் ஏறி வாரான். அவன் மடியில உக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும்னு பேச்சு. மண்டபத்து வாசல்ல பேனரைப் பாக்குறான். அண்ணன்மார் ரெண்டு பேர் மூஞ்சி இருக்கு, இவன் மூஞ்சி இல்ல. ரெண்டு வருசமா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. இப்பத்தான் சரியாகி வந்தான். வேணும்னே விட்டோம்னு நெனச்சுட்டான். சீர்த்தட்டைக் கீழ வச்சுட்டுப் போயிட்டான். என் பொண்டாட்டி என்கூடப் பேசலை."

படம் வந்தது. வந்த அன்றைக்கே நான் பார்த்திருந்தேன். அந்த ஆப்தான் குப்பையோடு அள்ளியிருக்கிறது.

செல்வக்குமார் அண்ணன் ஐரின் பக்கம் திரும்பினார். "நீதான டிசைன் போட்ட? தாய்மாமனை விடலாமா? எண்ணிப் பாக்க மாட்டியா?"

ஐரின் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். "சாரிண்ணே" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "அவுக சர்ச்சுக்காரவுக, இந்த முறையெல்லாம் அவளுக்கு எங்கண்ணே தெரியும்" என்றேன். சொன்ன அந்த நொடியில் சந்தோஷமாக இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? இருந்தது.

செப்டம்பர் 2

ஐரின் வரவில்லை. அவள் நாற்காலியைப் பார்க்காமல் வேலை பார்த்தேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்றும் வரவில்லை. பத்து மணியிலிருந்து வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். "உங்க நம்பர்ல இருந்து கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு லிங்க் வந்திருக்கே, யாருக்குக் கல்யாணம்?" நான் எதையும் அனுப்பவில்லை. நெட்டை அணைத்துவிட்டு, அண்ணனிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் பசுமலைக்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஐரின் போனை வாங்கினாள். ஆப்பை எடுத்தாள், கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாக அடைத்தாள், அவள் லேப்டாப்பில் பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினாள். பிறகு போனை என்னிடம் நீட்டி, "எல்லாருக்கும் நீங்களே அனுப்புங்கக்கா. அந்த லிங்க்கைத் தொடாதீங்க, தொட்டிருந்தா வந்த ஆப்பை உடனே எடுத்துருங்கன்னு" என்றாள்.

கேட்டே விட்டேன். "நான்தான் 'அடி'ன்னு சொன்னேன்னு அண்ணன்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நான் சொன்னா அண்ணே ஒங்களை நிப்பாட்டிருவாருக்கா. எனக்கு வேற கடை கெடைக்கும். ஒங்களுக்கு இது ஒம்பது வருசம்ல."

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. கூடவே கோபமும். நல்லவளாக இருப்பதில்கூட என்னை முந்திவிட்டாள், பாவி.

செப்டம்பர் 4, வியாழன்

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிங்க், அவள் தடுத்தது, இருபத்தேழு, இருபத்தாறு, 'அடி' — ஒன்றையும் விடவில்லை. அவர் மெஷினை அணைத்தார். "தப்புப் பண்ணுனது கூடப் பெருசு இல்ல முனீஸ்வரி. அந்தப் பிள்ளைய நான் ஏசும்போது பாத்துக்கிட்டு நின்ன பாரு, அதுதான்."

ஐரினுக்கு அவரே போன் போட்டு வேலைக்கு வரச் சொன்னார். விருமாண்டி அண்ணனுக்கு நான் போட்டேன். திருப்பூர் நம்பரைக் கேட்டு வாங்கி அந்த மச்சினனிடமும் பேசினேன். தப்பு என்னுடையது, அக்கா வீட்டார் படத்தை அனுப்பியிருந்தார்கள், வேறு பேனர் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"அனுப்பத்தான் செஞ்சாகளா?" என்றார். "பேனர் கெடக்கட்டும்த்தா. பிள்ளைய மடியில வச்சிருப்பேன்ல."

செப்டம்பர் 9

விருமாண்டி அண்ணன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மச்சினன் வந்து போனாராம். மடியில் பிள்ளை, காதில் புதுத் தோடு. பேனருக்கு இல்லை, சும்மா பார்க்க. கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வண்டியூர் ஐரினுக்கு. தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் வலிக்கிறது.

பக்கத்துக் கடை ராமக்காள் புதுப் போனோடு வந்து, எந்த ஃபைல் மேனேஜர் நல்லது என்று கேட்டார். "போன்ல இருக்குறதே போதும்க்கா. லிங்க்ல எது வந்தாலும் தொட்டுறாதீக" என்றேன். "ஒனக்கு எல்லாம் தெரியுது" என்றார். "ஐரின் சொல்லிக் குடுத்தது" என்பதை விழுங்கப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

வண்டியூர் கடைத் திறப்பு பேனரை என்னையே போடச் சொன்னார் அண்ணன். நடுவில் அவர், ஒரு பக்கம் ஐரின், மறுபக்கம் நான். ஐரின் முகம் என் முகத்தைவிட அரை இஞ்ச் பெரிதாக இருக்கட்டும் என்றார், அவள் கடை அல்லவா.

சமமாக வைத்துப் பார்த்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு அவர் சொன்ன அளவுக்கே ஏற்றினேன். லிஸ்டை எடுத்து எண்ணினேன். மூன்று பேர், மூன்று படம். பிரிண்ட் கொடுத்தேன்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.