தூரத்தில் வைத்த மேகம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
பத்மநாபசுவாமி கோவில் பங்குனி ஆறாட்டுக்கு மறுநாள்.

சௌபாக்கியவதி பத்மப்ரியாவுக்கு மாமியார் லலிதாம்பாளின் ஆசீர்வாதம். இங்கே உன் ஆத்துக்காரன் சாயும் நானும் சௌக்கியம். ஜெர்மனியில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டு ஸ்ரீலட்சுமி லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறாள். கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடி டப்பாவின் மூடி கொஞ்சம் லூஸ், பார்த்துத் திற.

விழுந்து முறிந்த இடுப்பெலும்பு ஒட்டிவிட்டது. வாக்கர் வைத்துக்கொண்டு அடுக்களை வரை போகிறேன். ஹோம் நர்ஸ் ரெனி நல்ல பெண். நான் முனகினால், "சாரமில்ல அம்மா, ஞான் உண்டல்லோ" என்பாள், பரவாயில்லை, தான் இருக்கிறாளே என்று. ரசத்தில் பூண்டு தட்டிப் போடுகிறாள், சகித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சாயிடம் சொன்னாயாம். சந்தோஷத்தில் அவன் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான். உன் ஆராய்ச்சிக்காகப் போட்ட பால்வீதிப் படத்தில், தூரத்துச் சுருள்கையில் நீ வரைந்த வாயு மேகம் உண்மையில் நம் பக்கத்துக் கையில் இருக்கிறதாம். மேகத்தின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு தூரம் வருமாம், ஒன்று கிட்டே, ஒன்று எட்ட. அந்தச் சுருள்கை நீளமாக வரவேண்டும் என்ற ஆசையில் நீ எட்ட இருப்பதை எடுத்துக்கொண்டாயாம். கட்டுரை அச்சான பிறகு வேறொருவர் அதைக் கண்டுபிடிக்க, நீ கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டாயாம்.

ஆக, என் இடுப்பு உனக்குச் சாக்கு. எனக்குக் கோபம் வந்தது உண்மை.

போன தடவை வந்தபோது தோசைக்கல்லில் மாவைச் சுருளாக ஊற்றி, ஓரமாக ஒரு கடுகை வைத்து, பால்வீதியில் நாம் இருக்கும் இடம் இதுதான் என்றாய். தோசைக்குள்ளேயே கிடக்கும் கடுகு தோசையின் வடிவத்தை எப்படிச் சொல்லும் என்று கேட்டேன். அதுதான் என் வேலை என்று சிரித்தாய். நீ பேசப் பேச நான் அடுப்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன், தோசை கருகிவிட்டது. உள்ளேயிருந்து பார்ப்பவளுக்கு ஒரு மேகம் இடம் மாறித் தெரிந்ததற்கு இத்தனை அவமானம் எதற்கு? மேகம் எங்கும் போய்விடவில்லை. எடுத்துச் சரியான கையில் வை. அப்படி வைத்தால் நம் பக்கத்துக் கையின் உருவமே மாறும் என்று சாயிடம் நீயே சொல்லியிருக்கிறாய். அதை வேறு யாரோ வரைய, நீ என் அடுக்களையில் உட்கார்ந்து படிக்க வேண்டுமா?

ராஜினாமாவை இன்னும் கொடுக்கவில்லை என்றான். கொடுக்காதே.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் நீதானோ என்று எட்டிப் பார்க்கிறேன். நீ வந்து நின்றுவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். இப்போது வராதே, குழந்தே. படத்தைத் திருத்திவிட்டு வா. அதுவரை நான் நடந்து பழகுகிறேன், ஏர்போர்ட்டுக்கு உன்னை அழைத்துவர நானே வரவேண்டும்.

பத்மநாபசுவாமி உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
லலிதாம்பாள்