மூன்று வெள்ளைப் பற்கள்

மாரண்டஹள்ளி,
12.6.2025

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்தக் கட்டுப்பல் போட்டு இன்றைக்குப் பதினாறு நாள். பேசினால் காற்று முன்னால் போகிறது, சொல் பின்னால் வருகிறது. போன வாரம் போனில் உன்னைத் திட்டியபோது நீ சிரித்தாய். எழுத்துக்குப் பல் வேண்டாம். முழுக்கப் படி.

மாடு தலையைச் சிலுப்பியதில் போனது ஒரே ஒரு முன்பல். அதற்காக இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களை ராவி, மூன்றையும் ஒரே கட்டாக ஒட்டியிருக்கிறார்கள். பிரிட்ஜ் என்று பெயராம். நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய்த் தடவுகிறது. ஏதோ சிக்கிக்கொண்டதுபோலவே இருக்கிறது, துப்பவும் முடியவில்லை. களி விழுங்குகிற சாப்பாடு, அதனால் பிழைத்தேன். வேர்க்கடலையைக் கடைவாயில் ஒதுக்கி மெல்கிறேன். இன்னும் ஒரு வாரத்தில் பழகிவிடும் என்கிறார் டாக்டர். பழகட்டும். என் கோபம் அதற்காக இல்லை.

அளவெடுத்த அன்று டாக்டர் பல நிறங்களில் பல் காட்டினார். நான் நம் ஊர்க் காவி நிறத்தையே கேட்டேன். "சரிங்கம்மா, உங்க பல்லோட ஒத்துப் போயிருமுங்க" என்றார். ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் பால் வெள்ளை. "உங்க பையன்தானுங்க போன் பண்ணி இந்தக் கலரப் போடச் சொன்னாரு" என்கிறார். என் வாய்க்கு நிறம் சொல்ல நீ யார்? சந்தையில் பக்கத்து வீட்டு நிர்மலாதேவி, "ஏங்க்கா, மூணு பல்லு மட்டும் பெங்களூரு போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டாள். தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தான் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலைமதி கூப்பிட்டாள். ஆவணியில் உனக்கு நிச்சயம் செய்யப்போகிற பெண்ணாயிற்றே என்று ஆசையாகப் பேசினேன். "அத்தை, பொகையில போடறத விட்டுட்டீங்களாமே, ரொம்ப சந்தோசம். அதனாலதான் உங்க பல்லெல்லாம் கறையாயிருச்சுன்னு அவரு சொன்னாரு" என்றாள்.

நான் என்றைக்கடா புகையிலை போட்டேன்? நம் ஊர் போர்வெல்லின் புளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் இந்தக் காவிதான். உனக்கும்தான் இருந்தது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் எல்லாப் பல்லுக்கும் உறை போட்டுக்கொண்டாய். அது உன் இஷ்டம். ஆனால் தண்ணீர் என்று சொன்னால் உன் பல்லைப் பற்றியும் கேட்பாள் என்று பயந்து, என் வாயில் புகையிலையைத் திணித்துவிட்டாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்ததற்கு நல்ல மரியாதை. உன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பார்.

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமாஞ் சாமி, உட்டுட்டேன்" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

நிச்சயத்துக்கு முன்னால் நீயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்று சொல். குழாயில் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு பிறந்த நம் தெருப் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக இருப்பதையும் சொல். இதற்காக விலகிப் போகிறவளாக அவள் எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லாவிட்டால் நான் நிச்சயத்துக்கு வரமாட்டேன். புகையிலைக்காரியாக அந்த மண்டபத்தில் உட்கார என்னால் முடியாது.

அந்தத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து உனக்குக் கொடுத்தவள் நான்தான். தெரியாமல் கொடுத்தேன். அதற்காக என்னைத் திட்டு, நேரில் வந்து வாய் வலிக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். செய்யாததை மட்டும் என் தலையில் வைக்காதே, சாமி.

அவளிடம் எதையும் மறைக்காமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
தீர்த்தம்மாள்