நாகலிங்கத்தின் சட்டை

அல் கூஸ், துபாய்
11.3.2006

அன்புள்ள சுபிஷாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் இங்கே நலம். நீயும் பாப்பாவும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் கார்டு தீர்ந்துபோகிற பயத்தில் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. காயல்பட்டினம் சதக்கத்துல்லா அண்ணன் லீவில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஷார்ஜா டீம் கலாஸ். முதலாளி மகனுக்குப் பாஸ்கெட்பால் அலுத்துவிட்டது, இப்போது கார் ரேஸ் பிடித்திருக்கிறதாம். ஒரு வியாழக்கிழமை பிராக்டிஸுக்குப் போனால் கூடையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். நல்லவேளை, இங்கே ஒரு சிமென்ட் கம்பெனி டீமுக்கு ஆள் தேடினார்கள். காலையில் கோடவுனில் டூட்டி, மாலையில் ஆட்டம். விசாவில் நான் ஹெல்பர், கோர்ட்டில் சென்டர். மஸ்கட்டையும் சேர்த்தால் கல்ஃபில் இது எனக்கு மூன்றாவது சட்டை. போன வாரம் அபுதாபிக்காரர்களோடு ஆடி ஜெயித்தோம். கடைசி ரீபவுண்டை நான்தான் எடுத்தேன். கை இன்னும் பழைய கைதான்.

இன்னொன்று. ஊரில் ஆட்டத்துக்காக என்னை வேலைக்கு எடுத்த பேங்கில் சம்பளமில்லா லீவு முடிந்துவிட்டது, திரும்பி வா என்று கடிதம் மேல் கடிதம். போன மாதம் ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே. முப்பத்து மூன்று வயதில் அங்கே போய் நின்றால் ஒரு சீசன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், அதற்குப் பிறகு கவுன்டரில் நோட்டு எண்ண விடுவார்கள். இங்கே இன்னும் என்னைக் குதிக்கச் சொல்கிறார்கள்.

பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
பிரைட்


தூத்துக்குடி
2.4.2006

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுக விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

ராஜினாமா விஷயம் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். உங்கள் பேங்க் கோச் பொன்னுச்சாமி சார் வீட்டுக்கே வந்தார். துக்கம் கேட்க வந்தவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்து, "ஏம்மா, நீயாவது ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நம் கல்யாணம் நிச்சயமான மாதம்தான் எனக்கு ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆர்டர் வந்தது. மாநிலப் பெண்கள் பாஸ்கெட்பால் டீமில் இருந்து அந்த வருஷம் எடுத்தது என்னை ஒருத்தியைத்தான். "ரெண்டு பேரும் பந்து பின்னால ஓடினா அடுப்பை யாரு பாக்க?" என்று உங்கள் அம்மா கேட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். நான் போகவில்லை. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன். என் வேலை போன பிறகு இந்த வீட்டில் மிச்சம் இருந்தது உங்கள் வேலை ஒன்றுதான். அது உங்களுடையது மட்டும் என்று யார் சொன்னது? தபால் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ண அந்தக் கார்டில் காசு இல்லாமல் போயிற்றா?

இனி என் பி.டி. டீச்சர் சம்பளத்தை நம்பித்தான் வீடு. நான் சமாளிப்பேன். சமாளிப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்ததால்தான் எழுதிப் போட்டுவிட்டீர்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "உயரமா இருக்காவ" என்று பாப்பா சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
சுபிஷா


தோஹா தொழில்பேட்டை
9.8.2006

சுபிஷாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. உன் கடிதத்தை எடுப்பேன், பாதியிலேயே மடித்து வைத்துவிடுவேன். நான் இங்கே உல்லாசமாக இருக்கிறேன் என்று நினைக்கிறாயா? நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சிமென்ட் மூட்டை அடுக்கிவிட்டு வந்து, இருபத்திரண்டு வயசுப் பையன்களோடு முட்டிப் பார். அப்போது தெரியும்.

துபாயும் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேரை இறக்கினார்கள். எனக்குப் பெஞ்ச். அப்புறம் பெஞ்சும் இல்லை, கோடவுன் மட்டும். சண்டை போட்டேன், விசாவை கேன்சல் பண்ணிவிட்டார்கள். தோஹாவிலிருந்து மஹ்மூது என்கிற டீம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். இங்கேயும் கோடவுன் ஹெல்பர் விசாதான். டிசம்பரில் ஏஷியன் கேம்ஸ், ஊரே தோண்டிக் கிடக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி டீம் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல். வெளியாட்கள் பட்டியலைச் சீசன் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள், என் பெயரைச் சேர்க்க வழியில்லை. ஆனால் பட்டியலில் இருந்த நாகலிங்கம் என்கிற யாழ்ப்பாணத்துப் பையனுக்கு சைட்டில் கணுக்கால் முறிந்துவிட்டது. அவனும் என் உயரம், என் நிறம். மஹ்மூது அவன் சட்டையையும் லீக் கார்டையும் என்னிடம் கொடுத்து, "மாஃபி முஷ்கிலா, ஒரு பிரச்சினையும் இல்லை. ரெஃப்ரிக்கு எல்லா ஹிந்தியும் ஒரே முகம்தான்" என்றார். நம் பக்கத்து ஆள் எல்லோரும் இவர்களுக்கு ஹிந்திதான். நாகலிங்கமும் சரி என்றான். டீமில் அவன் பெயர் இருந்தால்தான் அவனுக்கு விசா இருக்கும்.

இப்போது நான்தான் நாகலிங்கம். மைக்கில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து ஓடுவேன். அவன் கட்டுப்போட்ட காலோடு கேலரியில் உட்கார்ந்து கை தட்டுவான். போன ஆட்டத்தில் டீமிலேயே அதிக பாயின்ட் நான்தான். இங்கிலீஷ் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், நாகலிங்கம் என்று. ரூமில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

என்னை இன்னும் கோர்ட்டில் விடுகிறார்கள். அது உனக்குப் புரியாது.

பிரைட்


தூத்துக்குடி
3.9.2006

அத்தானுக்கு,

எனக்குப் புரியாதா? ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டவளுக்கு அது புரியாது என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ரூமில் சிரித்தீர்களாமே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டத்தில் நெஞ்சடைத்து நீங்கள் விழுந்தால் ஆஸ்பத்திரியில் யாருடைய பெயரை எழுதுவார்கள்? அந்தப் பையனுடைய அம்மாவுக்கா தந்தி போகும்? யாழ்ப்பாணத்துக்குப் பெட்டியை அனுப்பிவிட்டு, இங்கே கோடவுன் ஹெல்பர் பிரைட் ஓடிப்போய்விட்டான் என்று எழுதுவார்களா? இரண்டு நாளாக எனக்கு இதே நினைப்பு. பாப்பா பக்கத்தில் படுத்திருக்கும்போது கூட இதே நினைப்பு.

மஸ்கட்டுக்குப் போனீர்கள், ஆட்டம் என்றீர்கள். ஷார்ஜா, துபாய், அங்கேயும் ஆட்டம் என்றீர்கள். இப்போது உங்கள் பெயரையே கொடுத்துவிட்டு ஆடுகிறீர்கள். அந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வாருங்கள். வேலை இல்லை என்றால் இல்லை. வாருங்கள்.

என் பக்கத்துச் செய்தி. ஸ்கூல் பிள்ளைகள் டீமுக்கு என்னைக் கோச்சாகப் போட்டிருக்கிறார்கள். மாவட்டப் பெண்கள் டீமிலும் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அக்டோபரில் திண்டுக்கல்லில் மாநிலப் போட்டி. பாப்பா பிறந்த பிறகு முதல்முறையாக ஆடுவதற்கென்று ஷூ வாங்கியிருக்கிறேன். "புருசன் பரதேசத்துல கெடக்கான், இவ டவுசர மாட்டிக்கிட்டு ஆடப் போறாளாம்" என்று உங்கள் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து உங்களுக்கு வருவதற்கு முன்னால் நானே எழுதுகிறேன். அனுமதி கேட்டு எழுதவில்லை.

சுபிஷா


தோஹா
24.9.2006

சுபிஷா,

அம்மா போனில் அழுகிறாள். திண்டுக்கல் போகக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, அதோடு நிறுத்திக்கொள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள் ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்கி ஆடுவதை நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என்னோடு சண்டை என்றால் என்னோடு போடு. அதற்காக ஆடப் போகாதே.

நான் எந்தப் பெயரில் ஆடினாலும் ஆடுவது என் கால்தான். பைனல் வருகிறது. நடுவில் விட்டுவிட்டு வர முடியாது.

பிரைட்


தூத்துக்குடி
8.10.2006

நாளைக் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போகிறேன். பாப்பாவை என் அம்மாவிடம் விட்டிருக்கிறேன்.

உங்களோடு சண்டை போடுவதற்காக நான் ஆடவில்லை. எனக்கு ஆடத் தெரியும், அதனால் ஆடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆடிய ஒரு ஆட்டத்துக்காவது நீங்கள் வந்து உட்கார்ந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

சுபிஷா


தோஹா தொழில்பேட்டை
12.11.2006

அன்புள்ள சுபிஷாவுக்கு,

இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

பைனலில் விழுந்தேன். ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது ஒருவன் காலில் மிதித்து என் வலது முழங்கால் திரும்பிவிட்டது. சத்தம் எனக்கே கேட்டது. கோர்ட் ஓரத்தில் லீக் டாக்டர் காகிதத்தோடு குனிந்து பெயர் கேட்டார். மஹ்மூது முந்திக்கொண்டு "நாகலிங்கம்" என்றார். கேலரியிலிருந்து அந்தப் பையன் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, என்ரை பெயரையே சொல்லுங்கோ. யாழ்ப்பாணப் பாதையெல்லாம் பூட்டிப்போட்டினம், அங்கை திரும்பவும் சண்டை. என்னை அனுப்பினால் நான் எங்கை போறது?" என்று காதுக்குள் சொன்னான்.

நான் பிரைட் என்றேன். வலியில் உளறவில்லை, தெரிந்தேதான் சொன்னேன். நீ எழுதிய அந்தப் பெட்டி என் மண்டைக்குள் கிடந்தது.

டீமை வெளியேற்றிவிட்டார்கள். முதலாளி எங்கள் இரண்டு பேர் விசாவையும் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்து செய்த மஹ்மூது மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறார். அந்த ஆளை நினைத்தால் இந்தக் கட்டோடு எழுந்துபோய் அடிக்கலாம் போல இருக்கிறது. நாகலிங்கத்தை முந்தாநாள் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். போகும்போது கட்டிலருகே வந்து நின்றான். "உங்களுக்குப் பெயர் வேணும் எண்டால் முதல் நாளே வேணும் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றான். முகத்தில் துப்பவில்லை, அவ்வளவுதான்.

இனி என்னால் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் வந்ததும் ஊருக்கு வருகிறேன். நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி வை. ஸ்கூல் டீமை நான் எடுத்துக்கொள்கிறேன். நாலு நாட்டில் ஆடியவன், பிள்ளைகளுக்கு நல்லதுதானே. நீயும் அலைய வேண்டாம், வீட்டில் இருக்கலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அன்புடன்,
பிரைட்


தூத்துக்குடி
30.11.2006

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் காலை நினைத்து அழுதேன். அந்தப் பையனை நினைத்தும் அழுதேன். நீங்கள் சொன்ன பெயர் சரிதான். அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது. இரண்டும் என் மனசில் கிடக்கிறது.

கடைசிப் பத்தியைப் படித்தபோது அழுகை நின்றுவிட்டது.

டீமைத் தர மாட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேச மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தது நான். உங்களுக்குக் கால் போனதும் என் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது பாருங்கள், யோசிக்கக்கூட இல்லாமல் தோன்றியது. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் இதை இன்னொரு முறை நான் பொறுக்க மாட்டேன்.

திண்டுக்கல்லில் செமிஃபைனலில் தோற்றோம். நான் நன்றாக ஆடினேன். திரும்பி வந்த அன்று உங்கள் அம்மா கதவைத் திறக்கவில்லை. நானும் பாப்பாவும் ஸ்கூல் குவார்ட்டர்ஸுக்கு மாறிவிட்டோம். ஒரு ரூம்தான், ஆனால் கிரவுண்டுக்குப் பக்கம்.

நீங்கள் இங்கே வரலாம். எனக்குக் காலை ஐந்தரைக்குப் பிராக்டிஸ். அந்த நேரத்தில் பாப்பாவை எழுப்பி, குளிக்கவைத்து, சமைத்து அனுப்ப ஆள் வேண்டும். நீங்கள் செய்வீர்கள் என்றால் வாருங்கள், உங்கள் காலுக்கு நானே எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். முடியாது என்றால் உங்கள் அம்மா வீடு அதே பழைய தெருவில்தான் இருக்கிறது. பாப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு வா என்று எழுத வேண்டாம். நீங்கள்தான் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

சுபிஷா


தோஹா
10.12.2006

சுபிஷாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இருக்கிறது. நாகலிங்கத்துக்கு அவன் சித்தப்பாவின் கொழும்பு விலாசத்துக்கு எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை.

பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். காலை மடக்க முடியாது, அதனால் பஸ் வேண்டாம், ரயிலில் வருகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸுக்கே வருகிறேன்.

கேம்ப்பில் முறை வைத்துச் சமைப்போம், ஒரு குழம்பு வைக்கத் தெரியும். பாப்பா காரம் தின்பாளா, பள்ளிக்கூட வேன் எங்கே வந்து நிற்கும், தலை பின்னிவிட வேண்டுமா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. நேற்று ரூமில் ஒருவனிடம் அஞ்சு வயசுப் பிள்ளை காலையில் என்ன தின்னும் என்று கேட்டேன். அவனும் ஊரைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறதாம், தெரியாது என்றான்.

பிரைட்